புரட்டாசியில் மீன் பிடிக்கப் போனவர்

இந்த பஸ்ஸு டேமுக்குப் போகுதுதான அம்மிணி? போர்டைப் பாத்துத்தான் ஏறினேன், இருந்தாலும் ஒருவாட்டி கேட்டுக்கறது நல்லது. சித்தெ தள்ளி உக்காரு. நீ எங்க போறே? டேமுக்கும் அக்கட்டயா? அப்பச் செரி, நான் எறங்கற வரைக்கும் நீ இருப்பே. காதுல மாட்டியிருக்கறதைக் கழட்டு கண்ணு. பாட்டு எங்கீம் ஓடிப் போயிராது.

எனக்கு ஒரு ஆளு வேணும், சொல்றதுக்கு. எங்கூட்டுக்காரரு இன்னைக்குக் காலையில எங்கிட்ட ஒரு கேள்வி கேட்டாரு. நான் பதில் சொல்லல. வாயில வரல. மனுசன் கொஞ்ச நேரம் நின்னு பாத்துப்போட்டு, தூண்டிலை எடுத்துட்டு டேமுக்கு மீன் புடிக்கப் போயிட்டாரு. அந்தப் பதிலைச் சொல்றதுக்குத்தான் இப்ப நானும் போயிட்டிருக்கறேன். என்ன சொல்றதுன்னு இன்னும் முடிவு பண்ணல. டேம் ஸ்டாப்பு வர்றதுக்குள்ள பண்ணியாகோணும்.

என்ன கேள்வியா? சொல்றேன் இரு. மொதல்ல இருந்து சொன்னாத்தான் உனக்கு வெளங்கும். இல்லீன்னா, பூ, இதுக்கா இந்தப் பொம்பளை இத்தனை அலட்டிக்கறான்னு நெனைப்பே.

ஊட்டுக்காரரு பேரைச் சொல்லப்படாதும்பாங்க. உங்க காலத்துல அதெல்லாம் ஏது? சென்னியப்பன். காலேஜ் பஸ் டிரைவரு. வாரத்துல ஆறு நாளும் வண்டி நெறையப் புள்ளைகளை ஏத்தி எறக்கறாரு. ஒண்ணு கத்தும், ஒண்ணு பாடும், ஒண்ணு ஜன்னலைத் தட்டும். ஞாயித்துக்கெழமை ஒரு நாளு லீவு. அந்த ஒரு நாளும் டேமுக்குப் போயித் தண்ணியப் பாத்துட்டு உக்காந்துக்குவாரு. மக கோகிலாவைக் கோயமுத்தூருல கட்டிக் குடுத்ததுல இருந்து இதே பொழப்பு. ஊட்டுல இருக்கறது நாங்க ரெண்டே பேரு. அதுல ஒருத்தரு பேசவே மாட்டாரு.

நெசமாத்தான் அம்மிணி, வாயத் தொறக்க மாட்டாரு. 'சோறு போதுமா, ரசம் ஊத்தட்டுமா, ஊத்தறேன், இன்னைக்குப் புளி கொஞ்சம் தூக்கல், அதுக்கென்ன பண்றது, கடைக்காரன் குடுத்த புளி அப்பிடி'ன்னு கேள்வியும் நாந்தான் கேக்கோணும், பதிலும் நாந்தான் சொல்லோணும். அவரு வாயத் தொறக்கற வரைக்கும் காத்திருந்தா ரசம் ஆறிப் போயிராதா?

முந்தியெல்லாம் மீனு கொண்டாருவாரு. டேமுல கெண்டை இருக்குது, ஜிலேபி இருக்குது, ஆனா அவருக்கு விராலுதான் வேணும். விராலை உசுரோட பாத்திருக்கறயா நீ? பாம்புத் தலை. சாக்குல சுருட்டிக் கொண்டாந்தா மத்தியானம் வரைக்கும் உசுரோட கெடக்கும். கையில நிக்காது, வழவழன்னு நழுவும். சாம்பல் போட்டுப் புடிச்சு, கல்லுப்புப் போட்டுத் தேச்சு, துணி தொவைக்கற கல்லுல ஒரசி, அப்பறம் அருவாமணைக்கு முன்னால குத்த வெச்சு உக்காந்து நறுக்கோணும். ஊரு சனமெல்லாம் ஞாயித்துக்கெழமை டிவி பாத்துட்டு இருக்கும், நான் விராலோட மல்லுக்கட்டிட்டு இருப்பேன். முருகா, இந்த மனுசனுக்கு ஒரு வாரமாச்சும் மீனு மாட்டாமப் போகட்டும்னு வேண்டியிருக்கறேன். கொழம்பு நல்லாத்தான் இருக்கும், அது வேற.

போன பங்குனியில எனக்குக் கர்ப்பப்பை ஆபரேசன். கட்டின்னு சொல்லி, பையையே எடுத்துப் போட்டாங்க. நீ சின்னப் புள்ளை, உனக்குத் தெரியாது. தும்முனா உசுரு போகும். சிரிச்சா உசுரு போகும். அப்ப அவரு செஞ்சாரு, இல்லைங்கல. செய்யலீன்னு சொன்னா என்ற நாக்கு அழுகிப் போயிரும். ஆஸ்பத்திரி வராந்தாவுல கால் மடக்காம நின்னாரு. கஞ்சி கொண்டாந்தாரு. ஊட்டுக்கு வந்த பொறவு மாவாட்டுனாரு, வாசக் கூட்டுனாரு, என்ற சேலையக் கூட அலசிக் காயப் போட்டாரு. தெருவுல போற பொம்பளைக நின்னு பாத்துட்டுப் போனாங்க. எல்லாஞ் செஞ்சாரு. ஆனா ஒரே ஒரு வார்த்தை, 'வலிக்குதா?'ன்னு ஒரு வார்த்தை, எங்கிட்ட கேக்கல.

அதைக் கேட்டா என்ன கொறைஞ்சு போயிரும்? நான் காத்துட்டே இருந்தேன் அம்மிணி. இன்னைக்குக் கேப்பாரு, நாளைக்குக் கேப்பாருன்னு. கோகிலா சொல்றா, 'அப்பா நர்சம்மாகிட்டத் தெனமும் கேட்டாரும்மா, வலி இருக்குமா, ஊசி போடுவீங்களான்னு. அந்தம்மாவே சலிச்சுக்கிட்டாங்க'ன்னு. நர்சம்மாவுக்கா வவுத்தக் கிழிச்சாங்க? வலிச்சது எனக்கு. எங்கிட்டல்ல கேக்கோணும்?

சித்திரையில மறுபடியும் டேமுக்குப் போக ஆரம்பிச்சாரு. மொத வாரமே சாக்குல ஒரு விராலு. எனக்குக் குனியக் கூடாது, குத்த வெக்கக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்குது. அந்த மீனு சாக்குக்குள்ள துள்ளறதைப் பாத்ததும் எனக்கு வந்துதே ஆங்காரம்! 'இனிமேல் இந்த எழவை வாசப்படி தாண்டிக் கொண்டாந்தீங்க, நான் இந்த ஊட்டுல இருக்க மாட்டேன்'னு கத்துனேன். கத்துனதுல தையல் பிரிஞ்சு போகும்போல ஆயிருச்சு. அவரு மீனைக் கொண்டுபோயிப் பக்கத்து ஊட்டு மணிமேகலைகிட்டக் குடுத்துப்போட்டு வந்து, எனக்குத் தண்ணி மொண்டு குடுத்தாரு.

அடுத்த வாரத்துல இருந்து வெறுங்கை. வைகாசி போச்சு, ஆனி போச்சு. காலையில இருட்டோட போறாரு, பொழுதோட வர்றாரு, சாக்குல மீனில்லை. 'மீனு எங்கீங்க?' 'விட்டுட்டேன்.' 'விட்டுட்டீங்கன்னா? நழுவிருச்சா?' 'இல்ல. விட்டுட்டேன்.' அவ்வளவுதான் பேச்சு. புடிச்ச மீனை எவனாச்சும் திருப்பித் தண்ணியில விடுவானா? நீயே சொல்லு. நான் வண்டிக்காரன்கிட்ட அரைக் கிலோ மத்தி வாங்கிட்டு நிக்கறேன், இந்த மணிமேகலை சொல்றா, 'ஊட்டுக்காரரு டேமையே கட்டி ஆள்றாரு, நீங்க வண்டியில வாங்கறீங்களாக்கா?'ன்னு. மூஞ்சியத் தூக்கி எங்க வெச்சுக்கறது?

ஆடியில ஒரு கூத்து. துணி அலசறப்ப அவரு சட்டைப் பையில கைய விட்டேன். மெத்துன்னு ஒண்ணு தட்டுப்பட்டுச்சு. வெளிய எடுத்தா தவளை! நாலு காலும் பரப்பிட்டு, முழி ரெண்டும் பிதுங்கிட்டு. வீல்னு கத்திட்டு வீசினேன், காம்பவுண்டு சொவுத்துல அடிச்சுக் கீழ உளுந்துச்சு. மணிமேகலை ஓடியாந்து எடுத்துப் பாத்துப்போட்டு, 'அக்கா, இது ரப்பர் தவளை'ங்கறா. வவுத்துக்கு அடியில ரெண்டு கொக்கி. தண்ணி மேல இதைத் தத்தித் தத்தி இழுத்தா, விராலு நெசத் தவளைன்னு நெனைச்சுக் கவ்வுமாம். சாயங்காலம் கேட்டேன், 'பொண்டாட்டி கையில தவளையக் குடுக்கறதுக்கா என்னையக் கட்டுனீங்க?'ன்னு. சிரிச்சாரு. சிரிச்சுப்போட்டு, 'நீயும் ஒருக்கா வர்றயா டேமுக்கு?'ன்னாரு. 'அங்க வந்து நான் கொசு அடிக்கறதா?'ன்னேன். ரெண்டு மூணு வாட்டி அப்பிடிக் கூப்பிட்டிருப்பாரு. அப்பறம் விட்டுட்டாரு. ஒரு பொம்பளையக் கூப்புடறதுன்னா மனசு வெச்சு இன்னும் நாலு வாட்டி கூப்புடோணும்.

இதெல்லாங்கூடப் பொறுத்துக்கலாம். புரட்டாசி வந்துச்சு பாரு.

புரட்டாசி பொறந்தா எங்கூட்டுல முட்டை கூட உள்ள வராது. மீன் சட்டியக் கழுவிக் கவுத்து அட்டாலியில போட்டுருவேன். சனிக்கெழமை பெருமாளுக்கு விரதம். மீனு விக்கற வண்டிக்காரனே அந்த மாசம் பூண்டு வித்துட்டு வருவான். அப்பேர்ப்பட்ட மாசத்துல இவரு ஞாயித்துக்கெழமை காலையில தூண்டிலை எடுக்கறாரு! 'ஏனுங், புரட்டாசிங்க'ன்னேன். 'தெரியும். விட்டுத்தான போடறேன்'னு சொல்லிப்போட்டு சைக்கிளை மிதிச்சுட்டுப் போயிட்டாரு.

எனக்கு அன்னைக்குத்தான் சந்தேகம் வந்துச்சு. திங்கறதுக்கு மீன் புடிக்கறான், அது ஒரு நாயம். விக்கறதுக்குப் புடிக்கறான், அதுவும் நாயம். திங்கவும் இல்லை, விக்கவும் இல்லை, புரட்டாசியிலயும் போறாருன்னா அது மீனுக்குப் போறதா? மணிமேகலை வெளிப்படையாவே சொல்லிப்போட்டா. 'மீனுக்குப் போறவங்க மீனோட வருவாங்கக்கா. பாத்துக்கங்க.' எனக்குப் பையையும் எடுத்தாச்சு, ஒடம்பும் ஒண்ணுமில்லாமப் போச்சு. இந்த வயசுல இவரு எவளையோ தேடிக்கிட்டாருன்னே நெனைச்சேன். அடுத்த ஞாயித்துக்கெழமை, அவரு போயிக் கொஞ்ச நேரம் விட்டு, கொடைய எடுத்துட்டு இதே பஸ்ஸுலதான் ஏறினேன். வழி நெடுக அவளுக்கு என்ன வயசிருக்கும், எந்த ஊருக்காரியா இருப்பான்னு ரோசனை பண்ணிட்டே போனேன்.

டேமுல காக்கிச் சட்டை போட்ட வாச்சரு ஒருத்தரு. 'டிரைவரண்ணன் ஊட்டுக்காரங்களா? அண்ணன் அந்தக் கோடியில, மொட்டைப் பாறைக்குப் பக்கத்துல இருப்பாரும்மா. மீனை எடுத்துட்டுப் போனா இப்பெல்லாம் நாங்க உடமாட்டோம். அவரு புடிச்சுப்புடிச்சு விட்டுருவாருங்க, அதனால கண்டுக்கறதில்லை'ன்னாரு. நான் நம்பல. காசு வாங்கிட்டுப் பொய் சொல்றவனாட்டம் இருந்துச்சு மூஞ்சி.

பாறைக்கு இக்கட்ட ஒரு கருவேலம் பொதரு. அதுக்குப் பொறத்தாண்ட போயிக் குனிஞ்சு நின்னேன். கால்ல முள்ளு ஏறுச்சு, மூச்சு விடல. பாத்தா, அவரு மட்டும்தான் உக்காந்திருக்கறாரு. ஒரு ஈ காக்கா இல்லை. கோகிலா வாங்கிக் குடுத்த சக்கரம் வெச்ச தூண்டி. அந்தத் தவளையத் தூர வீசறாரு, தத்தித் தத்தி இழுக்கறாரு. மறுபடி வீசறாரு. எனக்கே கொட்டாவி வந்துருச்சு. திடீர்னு தண்ணி டமார்னு தெறிச்சுது பாரு. தூண்டி வில்லாட்டம் வளைஞ்சு போச்சு. மனுசன் எந்திரிச்சு நின்னு, முன்ன போறாரு, பின்ன வர்றாரு, முப்பது வருசத்துல அந்தச் சுறுசுறுப்பை நான் பாத்ததில்லை. கரைக்கு வந்தது என்ற கை நீளத்துக்கு ஒரு விராலு.

அப்பறம் செஞ்சாரே, அதைக் கேளு. மொதல்ல ரெண்டு கையையும் தண்ணியில நனைச்சுக்கிட்டாரு. சாக்கை நனைச்சு விரிச்சு, அதுமேல மீனைக் கெடத்துனாரு. கொறடு வெச்சு மெல்ல மெல்ல அந்தக் கொக்கிய எடுத்தாரு. எடுத்துட்டே பேசறாரு. அந்த மீனுகிட்டப் பேசறாரு அம்மிணி! 'வலிக்குதா சாமி? இரு, இரு. ஆயிப்போச்சு. வலிக்குதா? அவ்வளவுதான் கண்ணு, ஆயிப்போச்சு.' அப்பறம் ரெண்டு கையிலயும் ஏந்திட்டுத் தண்ணியில எறங்கி, அது வாலை ஆட்டற வரைக்கும் புடிச்சுட்டு நின்னு, 'போ சாமி, பதனமாப் போ'ன்னு விட்டாரு.

என்னைய அவரு கூப்புடறது 'இந்தா'. அவ்வளவுதான். முப்பது வருசமா 'இந்தா'.

ஒரு பொம்பளையா இருந்திருந்தா மயிரப் புடிச்சு ஆட்டியிருப்பேன். ஊரக் கூட்டி ஞாயம் கேட்டிருப்பேன். மீனை என்ன பண்றது? நான் திரும்பி நடந்தேன். முள்ளைக் கூட எடுக்கல. பஸ்ஸுல உக்காந்து அழுதேன், கண்டக்டரு சில்லறை இல்லீன்னு அழுவறேன்னு நெனைச்சுட்டு, 'போச்சாதுங்கம்மா, அப்பறம் குடுங்க'ங்கறான்.

கோகிலாகிட்ட போன்ல சொன்னேன். அவ என்ன சொல்றா தெரியுமா? 'ஏம்மா, மீனு கொண்டாராதீங்கன்னு நீதான சொன்னே? நீ குனிஞ்சு மீனு ஆயப்படாதுன்னுதான் விட்டுட்டு வர்றாரு. அப்பறம் அவருக்கும் அது பழகிப் போச்சு'ங்கறா. நான் ஆயிரஞ் சொல்றேன். பாத்ரூம் கொழாய மாத்துங்கன்னு சொல்றேன், மாத்துனாரா? சொசைட்டி கடனுக்குப் பேரு குடுங்கன்னு சொன்னேன், குடுத்தாரா? என்ற பேச்சை ஒரு நாளும் கேக்காத மனுசன் இதை மட்டும் கேட்டுப்போட்டாராம். அப்பனுக்கு வக்காலத்து. பொண்ணைப் பெத்தா இப்பிடித்தான்.

அன்னைக்கே முடிவு பண்ணுனேன். இனி இந்த மனுசன்கிட்டப் பேசறதில்லை. ஏன் பேசமாட்டீங்கறேன்னு அவராக் கேக்கற வரைக்கும் ஒரு வார்த்தை இல்லை. சோறு போடறது, தண்ணி வெக்கறது, வேலையெல்லாம் நடக்கும். பேச்சு மட்டும் கெடையாது. எனக்கு அது எத்தனை கஷ்டம்னு உனக்குத் தெரியாது. மொத வாரமெல்லாம் தாடை வலிச்சுது.

கேட்டாராங்கறே? கேக்கல. அதை விடு. என்ன பண்ணுனாருன்னு கேளு. பேச ஆரம்பிச்சுட்டாரு!

மொதல்ல சும்மா ஒரு வார்த்தை. 'மழை புடிச்சுக்கும்போல'ன்னாரு. நான் பதில் பேசல. அடுத்த நாளு, 'ஐப்பசி மழைக்கு டேமு ரொம்பிருச்சு. கரையில இருக்கற புல்லெல்லாம் தண்ணிக்குள்ள போயிருச்சு'ன்னாரு. நான் பேசல. அப்பறம் பாத்தா தெனமும் பேச்சு. கார்த்திகையில தண்ணி கரையேறுனா விராலு புல்லுக்குள்ள வந்து நின்னுக்குமாம், வெட்டுக்கிளி உளுகும்னு. மார்கழிக் குளுருக்கு அதுவும் நம்மாட்டம்தானாம், வெயில் நல்லா ஏறுனாத்தான் மேல வருமாம். 'அப்பறம் எந்த எழவுக்கு விடியக்காலம் போறீங்க?'ன்னு தொண்டை வரைக்கும் வந்துச்சு. முழுங்குனேன். தையில தண்ணி தெளிஞ்சிருமாம், கரையில நம்ம நெழலு உளுந்தாக் கூட மீனுக்குத் தெரியுமாம், ஒரு சத்தம் ஆகாதாம், கல்லாட்டம் உக்காரோணுமாம். நான் வெங்காயம் உரிச்சுட்டு இருப்பேன், அவரு அடுப்பு மேடையில சாஞ்சு நின்னுட்டுப் பாடம் நடத்துவாரு. நான் கேட்டனா? கேக்கல. ஆனாலும் எனக்கு இப்ப எல்லாம் மனப்பாடம்.

ஒரு நாளு சித்திரையப் பத்திச் சொன்னாரு. சித்திரைக் கோடை மழைக்கு விராலு குஞ்சு பொரிக்குமாம். செவசெவன்னு ஒரு கூட்டம், தண்ணி மேல கொதிக்கறாப்பல நகருமாம். அதுக்கு அடியில அப்பனும் ஆத்தாளும் ரெண்டும் காவலு. அப்பத் தவளைய வீசுனா கண்ணை மூடிட்டு வந்து கவ்வும்னாரு. 'பசிக்குக் கவ்வறதில்ல அது. குஞ்சைத் திங்க வந்துருச்சுன்னு ஆங்காரத்துல கவ்வுது. அதைப் புடிச்சுட்டா குஞ்சையெல்லாம் கண்ட மீனும் தின்னு போடும். அதனால சித்திரையில குஞ்சு இருக்கற பக்கம் நான் வீசறதே இல்லை.' நான் ரசத்துக்குத் தாளிச்சுட்டு இருந்தேன். கருவேப்பில கருகிப் போச்சு.

இன்னொண்ணு சொன்னாரு. கோகிலா கல்யாணத்துக்கு முந்தி ஒருக்கா, டூர் போயிட்டு மலையில இருந்து எறங்கறப்ப பஸ்ஸுல பிரேக் புடிக்கல. வண்டி நெறையப் பொம்பளப் புள்ளைக. ஒரு பக்கம் பள்ளம். இவரு வண்டிய மலைச் சொவுத்துல ஒரசி ஒரசி நிறுத்தியிருக்கறாரு. எறங்கி, வண்டிக்குப் பின்னால போயி வாந்தி எடுத்தாராம். ராத்திரிக் கண்ணை மூடுனா இன்னும் அந்தப் பள்ளம் தெரியுதாம். இத்தனை வருசமா இதை வவுத்துக்குள்ள வெச்சுட்டு எம்பக்கத்துல படுத்திருக்கறாரு! 'அன்னைக்கே சொல்லலாம்னுதான் வந்தேன். நீ கேஸ் சிலிண்டரு வரலீன்னு சொல்லிட்டிருந்தே'ன்னாரு. பாத்தயா? அதையும் கடைசியில எம்மேலயே போட்டுட்டாரு.

எனக்கு என்ன வெசனம்னா, நான் பேசாம இருக்கறேன்ங்கறது கூட அந்த மனுசனுக்குத் தெரியல அம்மிணி. அஞ்சு மாசம். ஒருத்தி வாயக் கட்டிட்டுக் கெடக்கறா, அவரு பாட்டுக்குப் பேசிட்டே இருக்கறாரு. கோகிலா வேற போன் பண்ணி, 'அப்பா இப்பெல்லாம் நெம்ப சந்தோசமா இருக்கறாரும்மா, என்கிட்டக் கூட நல்லாப் பேசறாரு, ஊட்டுல என்ன நடந்துச்சு?'ங்கறா. என்ன நடந்துச்சு! நான் செத்துட்டு இருக்கறேன், அதுதான் நடந்துச்சு. சலிச்சுப் போச்சு. பேசாம இருக்கறதும் சலிச்சுப் போச்சு, கேட்டுட்டே இருக்கறதும் சலிச்சுப் போச்சு.

இன்னைக்குக் காலையில, டீ ஆத்தி அவரு பக்கத்துல வெச்சேன். டீத்தூளு கரண்டி கீழ உளுந்துருச்சு. குனிஞ்சு எடுத்து நிமிந்தப்ப இடுப்பு ஒரு புடி புடிச்சுது. அடிவவுத்துல கைய வெச்சுட்டு நின்னேன். அவரு தூண்டிக்கு நூலு சுத்திட்டு இருந்தவரு நிறுத்திப்போட்டுப் பாத்தாரு. அப்பறம் கேட்டாரு.

'இன்னும் வலிக்குதா?'

கேட்டே போட்டாரு அம்மிணி. எங்கிட்ட. என்ற மூஞ்சியப் பாத்து.

நான் வேற கேள்விக்கு வாயக் கட்டியிருந்தேன். ஏன் பேசமாட்டீங்கறேன்னு கேப்பாரு, அப்ப வெச்சு வாங்கிப்போடலாம்னு அத்தனையும் சேத்து வெச்சிருந்தேன். இவரு இதைக் கேட்டுட்டாரு. எந்த வார்த்தைக்காகப் போன பங்குனியில இருந்து ஏங்கிட்டுக் கெடந்தனோ அதைக் கேட்டுட்டாரு. கண்ணுல தண்ணி முட்டிட்டு வந்துச்சு, அதைக் காட்டப்படாதுன்னு அடுப்புப் பக்கம் திரும்பிட்டேன். அவரு டம்ளரை எடுத்துட்டு நின்னாரு. கையில டீ ஆடை கட்டற வரைக்கும் நின்னாரு. அப்பறம் டம்ளரை வெச்சுப்போட்டு, தூண்டிய எடுத்துட்டு, செருப்பைப் போட்டுட்டுப் போயிட்டாரு. கதவைக் கூடச் சத்தமில்லாமச் சாத்திட்டுப் போனாரு. இவ்வளவு நாளும் பேசுன மனுசன், போகும்போது ஒண்ணும் பேசல.

அந்தச் சத்தமில்லாததுதான் எனக்குப் பயமாப் போச்சு. இனி கேக்கவே மாட்டாரோன்னு. பாத்திரத்தைப் போட்டது போட்டபடி விட்டுட்டு ஓடியாந்து பஸ்ஸு ஏறிட்டேன். பாரு, சேலைகூட ஊட்டுல கட்டறதுதான்.

இன்னைக்குப் பேசிப்போடுவேன். பேசாத விரதம் முடிஞ்சுது. அஞ்சு மாசத்துப் பேச்சு உள்ள கெடக்குது அம்மிணி. அந்தப் பாறையில பக்கத்துலயே உக்காந்து ஒண்ணு விடாம எறக்கி வெக்கோணும். அவரு பாட்டுக்கு மீன் புடிக்கட்டும், நான் பாட்டுக்குச் சொல்லிட்டே இருக்கறேன். மீனு ஓடிப் போயிருமா? போனாப் போகுது. அது என்ன எனக்கு ஒறம்பரையா, சொந்தமா?

ஆனா மொதல்ல அந்தப் பதிலைச் சொல்லோணும்ல? நீயே கேக்கறே, நெசமா வலிக்குதாக்கான்னு. வலி ஏது கண்ணு? ஆடியிலயே போயிருச்சு. கொடந் தூக்கறேன், மாவாட்டறேன், மணிமேகலை ஊட்டு மாடிப்படியெல்லாம் ஏறி எறங்கறேன். காலையில புடிச்சது வெறும் இடுப்புப் புடிப்பு. இந்த வயசுல எவளுக்கு இடுப்பு புடிக்காம இருக்குது? டாக்டரம்மாவே இனி வரவேண்டாம்னு சொல்லிருச்சு.

ஏனுங் கண்டக்டரு, டேம் ஸ்டாப்புல ஒண்ணு எறங்கோணும், கொஞ்சம் பாத்து நிறுத்துங்க. இந்தா, டேமுச் செவுரு தெரியுது. அந்தக் கோடியில, பாறைகிட்ட அவரு சைக்கிள் நிக்குது பாத்தயா? அதுதான்.

முடிவு பண்ணிட்டேன் அம்மிணி. வலிக்குதுன்னுதான் சொல்லப் போறேன். பொய்தான். பொய்யா இருந்துட்டுப் போகட்டும். போயிருச்சுன்னு உள்ளதைச் சொன்னா, 'செரி'ன்னு சொல்லிப்போட்டுத் தண்ணிப் பக்கம் திரும்பிக்குவாரு. வலிக்குதுன்னு சொன்னா, நாளைக்கும் ஒருக்கா கேப்பாருல்ல?